என் கண்ணை விசாரிக்கப் போன ஐந்து நாள்

மஸ்கட்டில் விமானம் ஏறும்போது கைப்பையில் இரண்டு டப்பா பேரீச்சம்பழமும் ஒரு புகைப்படமும் வைத்திருந்தேன். பெற்ற மகளை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவன் சிரித்த முகமாக அல்லவா போக வேண்டும்? நானோ சாப்பாட்டைத் தொடாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மூன்று முறை "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார். மூன்றாவது முறை எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், நல்ல மனிதர்.

எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் காரணம். மனைவி மலர் பிரசவத்துக்காக அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதமாகியும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பினாள். அதில் பாப்பாவுக்கு இடது கண் சிவப்பாகவும் வலது கண் வெள்ளையாகவும் விழுந்திருந்தது. நான் பெருமையாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்கு ஏசி ரிப்பேர் வேலை. ஒரு கிளினிக்கில் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கிருந்த மலையாளி நர்ஸிடமும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "உடனே ஒரு கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு "டாக்டர் சொல்வார்" என்றார். அன்றைக்கே மலருக்குப் போன் செய்தேன். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கினேன். இது 2006-ஆம் வருடம்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு இடது கண் கிடையாது. இருப்பது செயற்கைக் கண். இரண்டரை வயதில் போனது. பெரியப்பா மகன் ரத்தினம் அண்ணன் தெருவில் கிட்டிப்புள் ஆடும்போது அவன் அடித்த புள் பறந்து வந்து என் கண்ணில் பட்டது. ஊருக்கே தெரிந்த கதை. அந்த மரத்துண்டு சுழன்றுகொண்டு வருவது எனக்கே நினைவிருக்கிறது. அண்ணனை நான் மன்னித்ததே இல்லை. பத்து வயதில் அவனுடைய புதுச் சட்டையை அடுப்பில் போட்டேன். என் கல்யாணத்தில் அவன் ஓடியோடிப் பந்தி பரிமாறினான், "சாப்பிட்டியாண்ணா" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தாம்பரத்தில் பஸ் ஏறினேன். மறைமலைநகர் வருவதற்குள் ஷிப்ட் விட்டுவிட்டார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாகக் குறுக்கே வந்து நின்றன. மஸ்கட்டில் இந்நேரத்துக்கு ஊரையே ஒரு சுற்று சுற்றியிருப்பேன். இங்கே முக்கால் மணி நேரம் ஒரு வேர்க்கடலை வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டரிடம் கத்தினேன். "அண்ணாத்த, பறந்துகினு போணும்னா ஏரோப்ளேன்ல போ" என்றார் அவர். "அதுலதான்யா வந்தேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சரப்பாக்கத்தில் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், ஆரத்தித் தட்டோடு நின்றார். பாப்பாவைக் கையில் வாங்கினேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். டியூப்லைட் பக்கம் திருப்பியபோது வலது கருவிழிக்குள் வெள்ளையாக ஒன்று மின்னிப் போயிற்று. "பூனக்கண்ணு மாப்ள, ராசியானதுன்னு பக்கத்து வூட்டுல சொல்றாங்க" என்றார் அத்தை. மலர் என்னைப் பார்த்தாள். இட்லியும் வடகறியும் வைத்தார்கள். மஸ்கட்டில் வடகறிக்கு ஏங்கிக் கிடந்தவன் நான். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சென்னை. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து! வராந்தாவில் நான் நடந்த நடைக்கு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து என்னையும் மலரையும் அத்தையையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்கவில்லை.

"வலது கண் விழித்திரையில் கட்டி. புற்றுநோய்தான். உயிரைக் காப்பாற்றிவிடலாம், கண்ணுக்கும் முயற்சி செய்வோம்."

மலர் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இந்த நோய் இரண்டு விதமாக வருமாம். ஒன்று, அந்தக் கண்ணில் மட்டும் தானாகக் கிளம்புவது. இன்னொன்று பரம்பரை. அப்பாவோ அம்மாவோ கொடுத்த மரபணுவிலேயே பிசகு இருப்பது.

"பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் வேறு. தானாக வந்தது என்றால் கதிர்வீச்சு கொடுக்கலாம். பரம்பரை என்றால் கூடியவரை கொடுக்க மாட்டேன். கதிர் பட்ட இடத்தில் பல வருடம் கழித்து வேறு கட்டி வரக்கூடும். பரம்பரைக்கு மருந்தும் லேசரும்தான் வழி. அதோடு நல்ல கண்ணையும் மாதாமாதம் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் அந்த மரபணுவைச் சோதிக்கலாம், ஆனால் முடிவு வர ஆறேழு வாரம் ஆகும். கட்டி அதுவரை காத்திருக்காது. வெள்ளிக்கிழமை நான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் கண்ணில்..." பேசிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இது கிட்டிப்புள் பட்டது டாக்டர். எனக்கே ஞாபகம் இருக்கு" என்றேன்.

"ஆமாங்கம்மா" என்றார் அத்தை. "நான் நல்லா விசாரிச்சுகினுதான் பொண்ணு குடுத்தேன். அடிச்ச பையனையே நேர்ல கேட்டேன்."

டாக்டர் எழுந்து வந்து டார்ச் அடித்து என் இமை, புருவம், கன்னம் எல்லாம் தடவிப் பார்த்தார். "கண்ணே போகிற அளவுக்கு மரத்துண்டு பட்டால் வெளியே ஒரு தழும்பாவது பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டரை வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள், அதுவும் அபூர்வம். நான் அடித்துச் சொல்லவில்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குக் கூட இருந்தவர்களைக் கேளுங்கள்."

சீட்டுக்கு எங்கே போவது? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், செங்கல்பட்டில் இருந்த வீட்டையும் விற்றாயிற்று. கூட இருந்தவன் என்று மிச்சமிருப்பது ஒரே ஒருத்தன். யார் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றிருந்தேனோ அவனேதான்.

புதன்கிழமை காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நாஸ்தா என்று ஒன்றை விழுங்கிவிட்டு மகாபலிபுரம் பஸ் பிடித்தேன். கல்பாக்கம் பக்கம் புதுப்பட்டினத்தில் ஒரு இறால் பண்ணையில் அண்ணன் வேலை செய்கிறான் என்பதுவரை தெரியும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் பஞ்சர். இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். பூக்கூடைக்காரம்மா ஒருத்தி என்னையே பார்த்துவிட்டு, "கண்ணு இன்னாபா ஆச்சு?" என்று கேட்டாள். முப்பது வருடமாக மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பதில். "கிட்டி..." என்று ஆரம்பித்தவனுக்கு மேலே சொல்ல வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மகாபலிபுரத்தில் இறங்கினால் பெட்டியும் கையுமாக இருந்த என்னை டூரிஸ்ட் என்று சூழ்ந்துகொண்டார்கள். "கைடு வேணுமா சார்? டக்குனு எல்லாக் கோயிலும் காட்டிர்றேன்." கேமராவோடு ஒருவர் குறுக்கே வந்து, கேட்காமலேயே ஃப்ளாஷ் அடித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். கேமராவைத் தட்டிவிடப் போனேன். "இன்னா சார், ஒரு போட்டோக்குப் போயி பேஜார் பண்றியே" என்றார். அவருக்கு என்ன தெரியும்? கை கூப்பிவிட்டு, நகர ஆரம்பித்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, முட்டியில் நல்ல அடி.

பண்ணை என்றதும் குளம் குட்டை என்று நினைத்திருந்தேன். இது இறால் குஞ்சு பொரிக்கிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள், கடலிலிருந்து தண்ணீர் வரும் குழாய்கள். வாட்ச்மேன் என் காலை மருந்துத் தண்ணீரில் முக்கவைத்துத்தான் உள்ளே விட்டார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அண்ணன் ஓடி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "டேய் சேகரு! யாருக்கு இன்னாடா ஆச்சு?" அதுதான் முதல் கேள்வி. நல்ல சேதிக்கு நான் வர மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"மொதல்ல சாப்டு" என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். வீட்டில் அவனும் பெரியம்மாவும் மட்டும்தான். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்து அழுதார். சோறு போட்டு நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டே மகனைத் திட்ட ஆரம்பித்தார். "ராசா மாதிரி இருந்த புள்ள. இந்தப் பாவி கண்ண அவிச்சுட்டானே. கண்ண அவிச்சவன்னு ஊரே பேசி, ஒருத்தனும் இவனுக்குப் பொண்ணு குடுக்கல. வேணும் இவனுக்கு." அண்ணன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நித்தமும் கேட்டுப் பழகின காது. பெரியம்மா எதிரில் மகளின் விஷயத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பிட்டதும் அவனாகவே என்னைப் பண்ணைக்குத் திரும்ப அழைத்துப் போனான். தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டார் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவனைத் தவிர யாருக்கும் காது கேட்காது. பாப்பாவின் கண், டாக்டர் சொன்ன பரம்பரை, ரத்த டெஸ்ட் எல்லாவற்றையும் கொட்டினேன். அவனுக்குப் புரியாது என்று நினைத்து இரண்டாம் தடவை விளக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்க வேலையே அதாண்டா. கடல்லேர்ந்து தாய் எறா வாங்கியாந்தா, அதோட கால்ல துளியூண்டு கிள்ளி டெஸ்டுக்கு அனுப்புவோம். நோயி இல்லன்னு பேப்பரு வந்தாத்தான் முட்ட எடுப்போம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லாத் துள்ளிகினுதான் இருக்கும். டெஸ்ட் பண்ணாம வுட்டா மொத்தத் தொட்டியும் காலி."

சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேகரு, நான் அடிக்கலடா."

அவன் அவசரப்படாமல் சொன்னான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. குழந்தையையும் பையையும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா அவனைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "உன் கண்ணு இருட்டுல பூனக்கண்ணு மாதிரி மின்னும். டாக்டரு உள்ள கட்டி கீதுன்னாரு. எடுக்கலன்னா புள்ள பொழைக்காதுன்னாரு. எடுத்தாங்க. வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல சித்தப்பா எனக்கு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தாரு. அழுதாரு. தங்கச்சிங்க, அதான் நம்ம அத்தைங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நிக்கறாங்க, வம்சத்துலயே இப்பிடி ஒரு நோயி கீதுன்னு தெரிஞ்சா எவன்டா கட்டுவான், அடிபட்டுப் போச்சுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்னாரு. நீ அடிச்சதா சொல்றியாடா ரத்தினம்னு கைய புடிச்சிகினாரு. நான் சரின்ட்டேன்."

"பெரியம்மாகிட்டகூடவா சொல்லல?"

"அம்மா வாயில எதுவும் நிக்காதுன்னு சித்தப்பா சத்தியம் வாங்கிட்டாரு. அத்தைங்களுக்குக் கல்யாணம் ஆனதும் சொல்லிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ வளந்துட்ட. உனக்குப் பொண்ணு பாக்கறப்ப உன் மாமியாரு வந்து கேட்டாங்க. அப்பயும் அதையேதான் சொன்னேன்."

அப்பா மேல் வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? நினைவில் சுழன்று வந்த அந்த மரத்துண்டை இத்தனை வருடமும் நானே செய்து பறக்கவிட்டிருக்கிறேன். அடுப்பில் போட்ட சட்டை வேறு கண்முன் நின்றது. "என்ன மன்னிச்சிருண்ணா" என்று காலில் விழப் போனேன். "அட ச்சீ, எந்திரி. பாத்து நில்லு, தொட்டில வுழுந்து தொலைக்கப் போற" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அண்ணன் லீவு சொல்லிவிட்டு வியாழக்கிழமை என்னோடு கிளம்பினான். இந்த இடத்தில் என் புத்தி போன போக்கையும் எழுதித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அத்தைக்குத் தெரிந்தால் நோயை மறைத்துப் பெண் கட்டினார்கள் என்று வீதியில் நிறுத்துவார். மலர் என்னோடு இருப்பாளோ மாட்டாளோ. "அண்ணா, டாக்டர்கிட்ட மட்டும் தனியாச் சொல்லிக்கலாம். அத்தை இருக்கறப்ப வேணாம்" என்றேன். முப்பத்திரண்டு வருடம் சுமந்தவனிடம் இன்னும் கொஞ்சம் சுமக்கச் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவன் "சரி" என்றான். அப்பாவிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை. தனியாகப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தேன். திரும்பப் பார்க்கக் குழந்தைக்கு மயக்க ஊசி போட்டிருக்கிறது, எல்லாரும் ஒன்றாக வாருங்கள் என்றுவிட்டார். நான், மலர், மடியில் பாப்பா, அத்தை, சுவரோரம் அண்ணன். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"விசாரித்தீர்களா? கண் எப்படிப் போயிற்று?"

"அது வந்து டாக்டர்..." என்று இழுத்தேன். அத்தை என்னைப் பார்த்தார். நான் திணறுவதைக் கண்டு அண்ணன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தாங்க அடிச்சேன். கிட்டிப்புள்ளு."

குரலில் நடுக்கமே இல்லை. எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அப்படி வந்ததோ! டாக்டர் அவனை நிதானமாகப் பார்த்தார். "நிச்சயமாகத் தெரியுமா? அப்படியென்றால் கதிர்வீச்சையும் சேர்த்து..." என்று எழுதத் தொடங்கினார். பாப்பா மயக்கம் தெளிந்து சிணுங்கினாள். பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"எழுதாதீங்க டாக்டர்!" கத்தியே விட்டேன். "அண்ணன் அடிக்கல. எனக்குக் கட்டி வந்துதான் கண்ண எடுத்தாங்க. எங்கப்பா பொய் சொல்லச் சொன்னாரு. நேத்து நானும் அத்தை எதிர்ல சொல்லாதன்னேன்."

அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னா மாப்ள சொல்றீங்க?" அப்புறம் அண்ணனிடம் திரும்பினார். "ஏம்பா, என் மொகத்தப் பாத்து சொன்னியேப்பா. உன்ன நம்பித்தானே குடுத்தேன்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

மலர்தான் பேசினாள். "அம்மா, சண்டைய வூட்டுல போயி வெச்சிக்கலாம். டாக்டர், ரத்தம் எடுங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். கதிர்வீச்சு இல்லை, மருந்தும் லேசரும். முதலில் என் கையில் ரத்தம் எடுத்தார்கள், பிறகு பாப்பாவின் கையில். சின்னக் கை, நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள். அவள் அழுத அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது.

வெளியே வந்ததும் மலர் சொன்னாள், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்களக் கட்டியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.

"இவளும் பொறந்திருக்க மாட்டா" என்றவள் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அத்தை என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் சோறு போட்டார்.

சம்பளமில்லாத லீவில் தங்கிவிட்டேன். ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. என் ரத்தத்தில் அந்த மரபணுவில் எந்த இடத்தில் பிசகோ, அதே இடத்தில் பாப்பாவுக்கும். மூன்றாம் மாதப் பரிசோதனையில் அவளுடைய நல்ல கண்ணில் கடுகளவு ஒரு புள்ளி தென்பட்டது. மாதாமாதம் பார்க்காமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது என்றார் டாக்டர். அன்றைக்கே லேசரால் சுட்டுவிட்டார். வலது கண்ணில் கட்டி சுருங்கிவிட்டது, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இன்னும் சொல்ல முடியவில்லை. இடது கண்ணால் அவள் எல்லாவற்றையும் பார்க்கிறாள், என் செயற்கைக் கண்ணைப் பிடுங்கப் பார்க்கிறாள்.

முடிவு வந்த அன்றே அண்ணனுக்குப் பண்ணை நம்பரில் போன் செய்து விவரம் சொன்னேன். பாப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்ப நான் அடிக்கலன்னு பேப்பர்லயே வந்துச்சாடா?"

"வந்துச்சுண்ணா."

"ஒரு ஜெராக்ஸ் எடுத்தாறியா? அம்மாவாண்ட காட்டணும். வெறும் வாயால சொன்னா நம்பாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மலரும் புதுப்பட்டினம் போனோம். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. இங்கிலீஷில் இருந்ததை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, அப்பா செய்ததையும் சொன்னேன். பெரியம்மா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இவன் அடிக்கலியா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பிறகு மகனைப் பார்த்தார்.

"அன்னிக்கு வெறகுக் கட்டையால அந்த அடி அடிச்சேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடா."

"சித்தப்பா சொல்லாதன்னாரு" என்றான் அண்ணன்.

பெரியம்மா அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பண்ணையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, அன்றைக்கு அவன் போகவில்லை.